மயபூ

ஞாங்லெபின் அரிசி மில்லில் கரண்ட் போய் வந்தது.
வந்த பிறகு தராசு பேசவில்லை.
எடைமேடையில் தவமணியின் டிராக்டர்.
டிராக்டருக்குப் பின்னால் நெல்,
நெல்மேல் அவர் பிள்ளையின் தூக்கம்.
அதற்கும் பின்னால் ஒன்பது வண்டி.
கிழக்கே சித்தாங் பக்கம் வானம் கறுக்கிறது.

திரையில் ஒரே வரி:
அனுமதி மறுக்கப்பட்டது.
டவுன்ஷிப் ஆபீஸ் ஜன்னலில்
வெற்றிலை வாயோடு சொல்வார்களே,
மயபூ.
அதே சொல்தான், வெற்றிலை மட்டும் இல்லை.

எடைக் கணக்கு எழுதுகிறவள் நான்.
லினக்ஸ் போட்டுவிட்டுப் போனவன்
யாங்கோன் பையன் ஜோ லின்.
அவன் போன் அணைந்திருக்கிறது.

கறுப்பு ஜன்னலைத் திறந்து கேட்டேன்:
இந்த யுஎஸ்பி பூஜ்யம் யாருடையது?
சொந்தக்காரர் ரூட், குழு டயல்அவுட்;
இருவரும் படிக்கலாம், எழுதலாம்.
மற்றவர்களுக்கு
மூன்று சின்னக் கோடு,
கேட்டுக்குக் குறுக்கே கட்டிய மூங்கில் மாதிரி.

சரி, நான் எந்தெந்தக் குழுவில்?
வந்தது இரண்டே: நான், பிரிண்டர்.
நேற்றுவரை ஆறு இருந்தது.

காலையில் பிரிண்டர் மக்கர் செய்தபோது
ஜோ லின் சொல்லச் சொல்லத் தட்டியது நான்தான்.
ஒரு ஏ விட்டுப்போயிருக்கிறது.
ஏ போட்டால், இதிலும் சேர்.
போடாவிட்டால், இதில் மட்டும் இரு,
மற்ற எல்லாவற்றிலிருந்தும் வெளியே போ.
அப்பாவின் அட்டையில் ஒரு சுழி பிசகி
பதினோரு வருஷம் மேசைமேல் கிடந்தது.
எழுத்தை நான் லேசாக நினைப்பவள் அல்ல.
ஆனாலும் விட்டுவிட்டேன்.

கரண்ட் இருந்தவரை
பழைய உரிமையிலேயே ஓடிக்கொண்டிருந்தேன்.
நீக்கப்பட்டவள் என்று
எனக்கும் தெரியாது, அதற்கும் தெரியாது.

ரூட்டின் கடவுச்சொல் முதலாளி டைரியில்,
லாரி நம்பர்களுக்கும் மாத்திரைக் கணக்குக்கும் நடுவில்.
இந்தமுறை ஏவை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு
எல்லாக் குழுவிலும் என்னைத் திரும்ப எழுதினேன்.

மயபூ.

ஏனென்றால் எழுதினால் போதாதாம்.
வெளியே போய்விட்டுத் திரும்ப வரவேண்டும்.
எங்கள் வீட்டில் அப்படிக் கப்பலேறிப் போனவர்
பெரியப்பா. திரும்பவில்லை.
விரல் ஒரு நொடி பட்டன்மேல் நின்றது.
போனேன்.
வந்தேன்.
நாலு விநாடி.

எடை வந்தது: பதினெட்டு கிலோ.

தவமணி எட்டிப் பார்த்தார்.
"அக்கா, மேல தூங்குறவனே இருபத்திரண்டு."

மோடத்தின் சிக்னல் அது, பதினெட்டு.
கரண்ட் போய் வந்ததில்
தராசும் மோடமும் நம்பர் மாறிப் பிறந்திருக்கின்றன.
பூஜ்யம் ஒன்றாகி, ஒன்று பூஜ்யமாகி.
இந்நேரம் முதலாளிக்கு என்ன குறுஞ்செய்தி போயிருக்குமோ.

விதிக் கோப்பில் இரண்டு வரி எழுதினேன்.
முதுகில் இன்ன எண் பொறித்தவன் வந்தால்
எந்த வாசலில் வந்தாலும் அவனைத் தராசு என்று கூப்பிடு.
மற்றவனை மோடம் என்று.
பழைய பெயரும் இருக்கட்டும், அழிக்காதே.

இரண்டு பெயரில் இருப்பது எங்களுக்குப் புதுசா?
அட்டையில் நான் மா சூ லைங்.
மாரியம்மன் கோயில் வரி நோட்டில் மங்களேஸ்வரி.
இந்தப் பெட்டிக்குள் ஆயிரத்தொன்று,
அதுவரையில் யாரும் விளக்கம் கேட்டதில்லை.

கேபிளைப் பிடுங்கினேன். செருகினேன்.
மூவாயிரத்து நானூற்று அறுபது.
பையனை இறக்கிவிட்டு இன்னொருமுறை.
மூவாயிரத்து நானூற்று நாற்பது.
இருபது இருபதாகத்தான் எண்ணும் இந்தத் தராசு,
இரண்டு கிலோப் பையன் கணக்கில் வரவில்லை.

முதல் துளி தகரத்தில் விழுந்தது.
பிரிண்டரில் சீட்டைச் செருகிக்கொண்டே
பெயர் கேட்டேன்.
"எந்தப் பேரு?" என்றார் தவமணி.
"பணம் வாங்குற பேரு."